விதையும் சுரப்பும்
இனப்பெருக்கச் சுரப்பிகளைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறியவேண்டியவை

காளைக்கும் எருதுக்கும் உள்ள வேற்றுமையை உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரே தொழுவில் பிறந்த இரு காளைக் கன்றுகளுள் ஒன்றைப் பொலிகாளையாக விட்டுவிட்டு, மற்றொன்றைக் காயடித்து ஏருக்குப் பழக்கினால், சில ஆண்டுகளில் அவை இரண்டும் வேறு வேறு இனமோ என்று ஐயுறும்படி மாறிவிடுகின்றன. ஒன்றுக்குத் திமில் பருக்கின்றது, கழுத்துத் திரள்கின்றது, குரல் கனக்கின்றது, சினம் மிகுகின்றது. மற்றொன்று அடங்கிய நடையும் பொறுமையும் பெற்று, ஏருக்கும் வண்டிக்கும் ஏற்றதாகின்றது. இரண்டிற்கும் இட்ட தீனி ஒன்றே; கட்டிய கொட்டகையும் ஒன்றே. செயலிழக்கச் செய்யப்பட்டது ஒரு சிறு உறுப்பு மட்டுமே. அவ்வளவு சிறிய உறுப்பு, தொலைவிலுள்ள கழுத்துக்கும் குரலுக்கும் குணத்துக்கும் எவ்வாறு ஆணையிட்டது?

இந்த வினாவை மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கண்முன் வைத்துக்கொண்டிருந்தும், விடை காணத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான். அந்த விடை கால்நடைகளுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைப்பேறு வாய்க்காத வீட்டின் துயரம், பெண்மகவு பிறந்ததற்காகத் தாய் கேட்கும் பழிச்சொல், கருத்தடைச் சிகிச்சையைக் குறித்து ஆண்கள் கொள்ளும் அச்சம், பயிர்மருந்து தெளிப்போர்க்கு நேரக்கூடிய கேடு ஆகிய அனைத்தும் அந்த விடையோடு பின்னிக் கிடக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று கருதி நாம் வாய் மூடியிருப்பதால், பல குடும்பங்கள் பொருளையும் மன அமைதியையும் இழந்து வருகின்றன. ஆதலின், உறுப்பினர்கள் தத்தம் இல்லத்தாருடன் அமர்ந்து படிக்கத்தக்க முறையில் இச்செய்திகளை இங்கே எழுதுகின்றோம்.

கோட்டிங்கன் நகரத்துச் சேவல்கள்

ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் அர்னால்டு பெர்த்தோல்டு என்னும் அறிஞர் இருந்தார். 1849-ஆம் ஆண்டில் அவர் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பறவைகளுக்கு விரைகள் வயிற்றின் உள்ளே அமைந்துள்ளன என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். இரண்டு சேவல்களுக்கு அவர் இரு விரைகளையும் அடியோடு எடுத்துவிட்டார். எஞ்சிய நான்கிற்கு, இயல்பான இடத்திலிருந்தும் நரம்புத் தொடர்பிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு விரையை மட்டும் வயிற்றினுள்ளே விட்டுவைத்தார். அவற்றுள் இரண்டிற்கு உள்ளே வைக்கப்பட்டது தம்முடைய விரைகூட அன்று. வேறொரு சேவலின் விரை.

முதலிரண்டு சேவல்களும் கொண்டை வெளிறிச் சுருங்கி, கூவுதலையும் போரிடுதலையும் மறந்தன. மற்ற நான்கும் கொண்டை சிவந்து, கூவி, ஒன்றோடொன்று பொருது, பேடைகளை நாடி, எவ்விதக் குறையுமின்றி வளர்ந்தன. பின்னர் அவற்றை அறுத்துப் பார்த்தபோது, பெயர்த்து வைக்கப்பட்ட விரை குடலின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு, புதிய இரத்தக் குழாய்களைப் பெற்று உயிரோடிருந்தது. நரம்புத் தொடர்பு இல்லை. விந்து வெளிச்செல்லும் நாளமும் இல்லை. இரத்த ஓட்டம் மட்டுமே இருந்தது. ஆகவே, விரையானது ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் கலக்கின்றது என்றும், அவ்விரத்தம் உடலெங்கும் சென்று ஆண்தன்மையை உண்டாக்குகின்றது என்றும் பெர்த்தோல்டு முடிவு கூறினார்.

இரத்தத்தின் வழியே செய்தி கொண்டு செல்லும் இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905-இல் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார்.

இச்சோதனையிலிருந்து கிடைக்கும் உண்மை ஒன்றே. அதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் யாவும் எளிதில் விளங்கும். இனப்பெருக்கச் சுரப்பிக்கு வேலைகள் இரண்டு. அவை செல்லும் வழிகளும் இரண்டு. ஒன்று, சந்ததிக்குரிய விதையை உண்டாக்குதல். இது குழல் வழியே வெளிச்செல்கின்றது. மற்றொன்று, உடலை ஆளும் சுரப்பை உண்டாக்குதல். இது குழலின்றி நேரே இரத்தத்தில் கலக்கின்றது. ஓர் ஏரியை எண்ணிப் பாருங்கள். மதகின் வழியே வாய்க்காலில் ஓடும் நீர் ஒன்று. நிலத்தடியே ஊறிச் சுற்றுப்புறக் கிணறுகளை நிறைக்கும் நீர் மற்றொன்று. மதகை அடைத்தால் வாய்க்கால் வறளும். கிணறுகளின் ஊற்று நில்லாது.

ஆணின் சுரப்பி

ஆண் குழந்தை தாயின் வயிற்றில் வளரும்போது விரைகள் அதன் வயிற்றறைக்குள்ளேயே உருவாகி, பிறப்பதற்கு முந்திய மாதங்களில் கீழிறங்கிப் பைக்குள் வந்து சேர்கின்றன. உடலின் வெப்பத்தைவிட இரண்டு மூன்று செல்சியஸ் பாகை குறைந்த வெப்பம் இருந்தால்தான் அவை விதையைச் செவ்வனே உண்டாக்கும். அதனால்தான் இயற்கை அவற்றை உடலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கின்றது. பிறந்து ஆறு மாதமாகியும் ஒரு விரையேனும் பையில் இறங்கவில்லையெனில், வளர வளரச் சரியாகிவிடும் என்று பெற்றோர் காத்திருத்தல் கூடாது. ஒன்றரை வயதுக்குள் சிறு அறுவைச் சிகிச்சையால் அதனைச் சீர்செய்துவிடலாம். காலம் கடந்தால் பிற்காலத்தில் மகப்பேற்றுக்கு இடையூறும், அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மிகும்.

விரையின் உள்ளே, கண்டுகளில் சுற்றிய நூலைப்போல நுண்ணிய குழல்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. விந்தணுக்கள் அக்குழல்களின் உட்சுவரில் உருவாகின்றன. ஓர் அணு தோன்றி உருவம் பெற ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. அதன்பின் நீந்தும் ஆற்றல் பெற மேலும் சில நாட்கள் செல்கின்றன. ஆதலின், இன்று ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தால் அதன் விளைவு இரண்டு மூன்று மாதங்கள் வரையிலும் விந்தில் காணப்படலாம். ஒரே பரிசோதனையைக் கொண்டு முடிவு கட்டாமல், மருத்துவர் சில வாரம் கழித்து மறுமுறையும் பரிசோதிக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

அக்குழல்களுக்கு இடைப்பட்ட வெளியில் வேறு வகையான உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாக உள்ளன. 1850-ஆம் ஆண்டில் அவற்றை விவரித்த ஃபிரான்ஸ் லைடிக் என்பவரின் பெயரால் அவை வழங்கப்படுகின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் சுரப்பவை இவையே. மீசையும் தாடியும் அரும்புவதும், குரல் உடைவதும், தசையும் எலும்பும் வலுப்பெறுவதும், இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஆண்களுக்குச் சற்று மிகுதியாக இருப்பதும், இல்லறத்தில் நாட்டம் உண்டாவதும் இதன் செயல்கள்.

விதை செய்யும் அணுக்கள் வேறு. சுரப்புச் செய்யும் அணுக்கள் வேறு. ஒன்று பழுதுற்றபோதும் மற்றொன்று நலமாயிருத்தல் கூடும்.

பெண்ணின் சுரப்பி

பெண்ணுக்குரிய சுரப்பிகள் சூலகங்கள் எனப்படும். அவை வாதுமைப் பருப்பின் வடிவும் ஏறத்தாழ அதனினும் சற்றுப் பெரிய அளவும் உடையனவாய், கருப்பையின் இருபுறமும் அமைந்துள்ளன. ஆணுக்கு விதை நாள்தோறும் புதிதாக உண்டாகின்றது. பெண்ணுக்கோ பிறக்கும்போதே கையிருப்பு முழுவதும் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றது. பிறக்கும் பெண் குழந்தையின் சூலகங்களில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை முட்டைக் கருக்கள் உள்ளன. பூப்பெய்தும் வயதில் அவை மூன்று அல்லது நான்கு லட்சமாகக் குறைகின்றன. அவற்றுள்ளும் வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருவன ஏறக்குறைய 400 மட்டுமே. வயது முப்பத்தைந்தைக் கடந்தபின் கருத்தரிப்பு அரிதாவதற்கு இக்கையிருப்பு குறைவதும், எஞ்சிய முட்டைகளின் தரம் தாழ்வதுமே காரணம்.

ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் நீர்க்கொப்புளம் போன்ற ஒரு சிறு பை வளர்கின்றது. 1672-இல் ஹாலந்து நாட்டு ரெனியே தெ கிராஃப் அப்பையை விளக்கி எழுதினார். அதனுள்ளே இருக்கும் மெய்யான முட்டையை 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டார். பை வளரும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரந்து, கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கின்றது. முட்டை வெளியேறிய பின், வெறுமையான பை மஞ்சள் நிறத் திரளாக மாறி, புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோனையும் சுரக்கின்றது. விதைப்புக்கு நிலத்தைப் பதப்படுத்துவதுபோல, கரு வந்து தங்குவதற்கு இஃது இடத்தைப் பண்படுத்துகின்றது. கரு தங்காவிடில் இரண்டு வாரங்களில் சுரப்பு ஓய்ந்து, உட்சுவர் கழன்று, மாதவிலக்காக வெளிப்படுகின்றது. இது தீட்டு அன்று, நோயும் அன்று. சுரப்பிகள் ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம்.

ஈஸ்ட்ரோஜனின் ஆட்சி கருப்பையோடு முடிவதில்லை. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையாமல் காப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிலக்கு நிற்கின்றது. அதன்பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு விரைந்து மெலிகின்றது. வயது முதிர்ந்த தாய்மார்கள் வழுக்கி விழுந்தவுடன் இடுப்பெலும்பு முறிவதற்கு இஃதொரு முதன்மையான காரணம்.

இதனால், வயிற்றில் நோவு என்று சென்ற பெண்ணுக்குக் கருப்பையுடன் சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிடுதல் சிறு செய்தி அன்று. மகாராஷ்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்களுள் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பை அறுவைக்கு உள்ளானவர்கள் என்பது 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பலர் நாற்பது வயதைக்கூட எட்டாதவர்கள். பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அந்த உறுப்புகள் எதற்கு என்னும் எண்ணம் முற்றிலும் பிழையானது. புற்றுநோய் போன்ற தக்க காரணம் இருக்குமாயின் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும். எனினும், "சூலகங்களை வைத்துக்கொள்ளலாமா?" என்னும் ஒரு கேள்வியை அறுவைக்கு முன்பே கேட்டறிதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமையாகும். வேறொரு மருத்துவரின் கருத்தை நாடுவதும் குற்றமாகாது.

மூளையின் அடியில் ஒரு மேலாளர்

விரையும் சூலகமும் தம் விருப்பப்படி இயங்குவன அல்ல. மூளையின் அடிப்புறத்தில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி, இரண்டு ஹார்மோன்களை அனுப்பி அவற்றை இயக்குகின்றது. மதகைத் திறப்பவர் வயலில் நீர் எவ்வளவு நிற்கின்றது என்று பார்த்துப் பார்த்துத் திறப்பதுபோல, பிட்யூட்டரியும் இரத்தத்தில் உள்ள ஆண் அல்லது பெண் ஹார்மோனின் அளவை நோக்கியே செயற்படுகின்றது. குறைந்தால் ஊக்குகின்றது, மிகுந்தால் நிறுத்திவிடுகின்றது.

இந்த ஒழுங்கை அறியாமையால் விளையும் கேடு ஒன்று உண்டு. 1889-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிரௌன் செக்கார் என்னும் புகழ்பெற்ற அறிஞர், தமது 72-ஆம் வயதில், நாய், கினியாப் பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியால் செலுத்திக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். உலகெங்கும் மக்கள் அம்மருந்தைத் தேடி அலைந்தனர். உண்மையில் அச்சாற்றில் ஹார்மோன் இருந்தது மிகமிகச் சொற்பம். அவர் கண்டது நம்பிக்கையின் பயனே. விரையில் இப்பொருள் எவ்வளவு குறைவாகத் தங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் அளவு கூறுவோம். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாகர் என்பவரின் குழுவினர் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தபோது, ஏறக்குறைய 100 கிலோகிராம் காளை விரைகளிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம் மட்டுமே. அதே ஆண்டில் புடெனாண்ட், ருசிக்கா ஆகிய இருவரும் அதனை இரசாயன முறையில் ஆக்கும் வழியைத் தனித்தனியே கண்டனர்; 1939-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இன்றோ அதே பொருள் ஊசியாகவும் களிம்பாகவும் கிடைக்கின்றது. "ஆண்மை பெருகும்", "தசை திரளும்" என்று சொல்லி, மருத்துவம் பயிலாதவர்களும் இதனை இளைஞர்க்குச் செலுத்துகின்றனர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து நிறைந்ததும், பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடுகின்றது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு உண்டாதல் குன்றி, பலர்க்கு அறவே நின்றுவிடுகின்றது. மருந்தை விட்டபின் மீண்டும் தொடங்கப் பல மாதங்கள் ஆகும். பிள்ளை வேண்டி ஊசி போட்டுக்கொண்டவர் பிள்ளைப்பேற்றுக்கே தடை தேடிக்கொண்டவராகின்றார். குறைபாடு உள்ளவர்க்கு இரத்தப் பரிசோதனை செய்து தக்க மருத்துவர் அளிக்கும்போது மட்டுமே இது மருந்தாகும்.

பிள்ளையின்மைக்கு யார் பொறுப்பு?

மணமாகிச் சில ஆண்டுகள் சென்றும் மகப்பேறு இல்லையெனில், ஊரார் கண் முதலிற் சேர்வது மனைவியின்மேல். அவளுக்கே நோன்பு, அவளுக்கே மருந்து, அவளுக்கே வசைமொழி. சில இடங்களில் அவள் இருக்கும்போதே மறுமணப் பேச்சும் எழுகின்றது. கணவரோ திடகாத்திரமாக இருக்கின்றார், நெல் மூட்டையைத் தனியே தூக்குகின்றார், அவரிடத்தில் என்ன குறை இருக்கமுடியும் என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடையை மேலே கண்டோம். மூட்டை தூக்கும் வலிமையும் மீசையும் சுரப்பின் பயன். மகப்பேறோ விதையின் பயன். சுரப்பு நிறைந்திருந்தும் விதை ஒன்றேனும் இல்லாத ஆடவர் உண்டு. அவர்களை வெளித்தோற்றத்தால் கண்டறிய எவராலும் இயலாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோருள் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் இக்குறையை அனுபவிக்கின்றனர். அத்தகைய தம்பதிகளுள் ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் ஆணிடமும் காரணம் காணப்படுகின்றது. வயது வந்தபின் கண்ட பொன்னுக்கு வீங்கி நோய் விரையில் இறங்கியிருக்கலாம், விரையைச் சூழ்ந்த சிரைகள் புடைத்திருக்கலாம், குழல் அடைபட்டிருக்கலாம், புகையிலையும் மதுவும் கெடுத்திருக்கலாம். பெண்ணிடத்தில் முட்டை ஒழுங்காக வெளிவராமையும், கருக்குழல் அடைப்பும் முதன்மையான காரணங்கள். நம் நாட்டில் காசநோய் கருக்குழலைத் தாக்கி அடைத்துவிடுவதும் உண்டு.

ஆதலின், ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காவிடில், மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்லல் வேண்டும். முதலிற் செய்யத்தக்க பரிசோதனைகளுள் மிக எளியதும், செலவு குறைந்ததும், நோவில்லாததும் கணவரின் விந்துப் பரிசோதனையே. அதனைச் செய்யாமல் மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அலைக்கழிப்பது பொருட்சேதம் மட்டுமன்று, அறமும் ஆகாது.

ஆண் மகவும் பெண் மகவும்

பிறப்பது ஆணா பெண்ணா என்பதிலும் தாயே பழி சுமக்கின்றாள். மாவுப்புழு எனப்படும் வண்டினத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பெண் அறிஞர் நெட்டி ஸ்டீவன்ஸ் 1905-ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவாக்கினார். தாயின் முட்டை எதுவாயினும் அதில் எக்ஸ் என்னும் ஒரே வகை நிறமி உள்ளது. தந்தையின் விந்தணுக்களிலோ பாதி எக்ஸ், பாதி ஒய். ஒய் சேர்ந்தால் பெரும்பாலும் ஆண். எக்ஸ் சேர்ந்தால் பெண். கரு ஆறு வாரம் வளரும்வரை இருபாலார்க்கும் சுரப்பி ஒன்றுபோலவே உள்ளது. அதன்பின் ஒய் நிறமியில் உள்ள ஒரு மரபணு, அதனை விரையாக மாற்றுகின்றது. அந்த மரபணுவை 1990-இல் லண்டன் அறிஞர்கள் கண்டறிந்தனர். ஆக, தாய் இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தந்தையும் தேர்ந்து அனுப்புவதில்லை. கருவில் பாலறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருப்பதையும் உறுப்பினர்கள் நினைவிற் கொள்வாராக.

காயடித்தல் வேறு, கருத்தடை வேறு

ஆண்கள் கருத்தடைச் சிகிச்சைக்கு அஞ்சுவதன் காரணத்தை ஆராய்ந்தால், அது பெரும்பாலும் தொழுவத்தில் கண்ட காட்சியிலிருந்து பிறந்தது என்பது புலனாகும். கால்நடை மருத்துவமனையில் கன்றைக் கிடத்தி, விரைக்கு மேலுள்ள தண்டினை இடுக்கியால் நசுக்குகின்றனர். விரையை வெட்டி எடுப்பதில்லை. ஆயினும் மாடு எருதாகிவிடுகின்றது. மனிதர்க்கும் அந்தத் தண்டிலேதானே கைவைக்கின்றார்கள், நமக்கும் அக்கதிதானே என்று உழவர் எண்ணுவது இயல்பே.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அத்தண்டில் இரத்தக் குழாய்களும் விந்து செல்லும் நாளமும் சேர்ந்தே உள்ளன. இடுக்கி இரத்தக் குழாயை நசுக்குகின்றது. இரத்தம் பெறாத விரை சுருங்கிச் செத்துப்போகின்றது. விதையும் போயிற்று, சுரப்பும் போயிற்று. ஆண் கருத்தடையில் மருத்துவர் இரத்தக் குழாயைத் தொடுவதில்லை. நூலிழை போன்ற நாளத்தை மட்டும் தனியே எடுத்து, துண்டித்து, கட்டிவிடுகின்றார். விரை உயிரோடும் முழு இரத்த ஓட்டத்தோடும் முன்போலவே இருக்கின்றது. பெர்த்தோல்டின் சேவல்களுக்கு நாளமே இல்லாதிருந்தும் அவை கூவியதை இங்கே நினைத்துப் பாருங்கள். வாய்க்காலின் மதகு அடைபட்டது, ஊற்று நிற்கவில்லை. மீசை, குரல், தசை, உழைக்கும் ஆற்றல், இல்லற இன்பம் ஆகிய எதுவும் குறைவதில்லை. வெளிப்படும் நீரில் விந்தணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எஞ்சியது வேறு சுரப்பிகளிலிருந்து வருவதாதலின், அளவிலும் வேறுபாடு தெரிவதில்லை.

1974-இல் சீன நாட்டு மருத்துவர் லீ ஷுன்சியாங் வகுத்த முறைப்படி, கத்தியால் கீறாமல் சிறு துளையிட்டே இப்போது இச்சிகிச்சையைச் செய்கின்றனர். சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. அன்றே வீடு திரும்பலாம். அரசினர் மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, நாளத்தில் முன்பே தங்கியுள்ள அணுக்கள் நீங்க மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு முறையைக் கைக்கொண்டு, பின்பு பரிசோதனையால் உறுதி செய்தல் வேண்டும். இரண்டாவது, மீண்டும் இணைத்தல் எப்போதும் பயன் தருமென்று சொல்ல முடியாதாதலின், இனி மகவு வேண்டா என்று தெளிந்தவர்களே இதனை மேற்கொள்ளத்தக்கவர். மூன்றாவது, பால்வினை நோய்களிலிருந்து இது காவாது.

கேரளத்து எர்ணாகுளத்தில் 1971-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடந்த முகாம் ஒன்றில் 60,000-க்கும் மேற்பட்ட ஆடவர் முன்வந்து இச்சிகிச்சை செய்துகொண்டனர். அதன்பின் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில், பல மாநிலங்களில் ஏழை எளியவர்களை வற்புறுத்தி இச்சிகிச்சைக்கு உட்படுத்தினர். அந்தக் கொடுமையின் நினைவு ஆண்களை இம்முறையிலிருந்தே விலக்கிவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்களோ ஆயிரத்துக்கு மூன்றே. பெண்ணுக்குச் செய்யும் அறுவை வயிற்றைத் திறந்து செய்வது. ஆணுக்குச் செய்வது அதனினும் எளியது, ஆபத்துக் குறைந்தது. எளிய சிகிச்சைக்குரியவர் ஒதுங்கி நிற்க, பிள்ளை பெற்று மெலிந்த உடலே மீண்டும் கத்திக்கு ஆளாகின்றது. வற்புறுத்தல் எவருக்கும் வேண்டா. ஆனால் பிழையான அச்சத்தால் மனைவியின்மேல் சுமையை ஏற்றுதல் நேர்மையாகுமா என்பதைக் கணவன்மார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பயிர்மருந்து தெளிப்போர் கவனத்திற்கு

விதையும் சுரப்பும் வேறு வேறு என்பதற்குத் தொழிற்களத்திலிருந்தும் ஒரு துயரச் சான்று உண்டு. வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல டி.பி.சி.பி. என்னும் மருந்து பல நாடுகளில் வழங்கிவந்தது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அதனைத் தயாரித்த ஆலை ஒன்றின் தொழிலாளர்கள், தங்களுள் பலர்க்குக் குழந்தை பிறக்காதிருப்பதைத் தமக்குள் பேசி உணர்ந்தனர். பரிசோதனை செய்தபோது பலரின் விந்தில் அணுக்கள் மிகக் குறைந்தோ, அறவே இல்லாமலோ இருந்தன. அவர்களின் ஆண் ஹார்மோன் அளவோ பெரும்பாலும் இயல்பாகவே இருந்தது. ஆகையால் உடலில் எவ்வித மாறுதலையும் அவர்கள் உணரவில்லை. 1979-இல் அந்நாட்டில் அம்மருந்தின் பெரும்பாலான உபயோகங்கள் தடை செய்யப்பட்டன. அதற்குள் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் உழைத்த பலரும் அதே கேட்டிற்கு ஆளாகியிருந்தனர்.

உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்னும் எண்ணம் காப்பாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம். மருந்து கலக்கும்போது கையுறையும், தெளிக்கும்போது முகமூடியும் முழுக்கை உடையும் அணிதல் வேண்டும். காற்றை எதிர்த்துத் தெளித்தலாகாது. தெளித்தபின் சோப்பிட்டுக் குளித்து, உடையைத் தனியே துவைத்தல் வேண்டும். மருந்துக் கலத்தைக் குடிநீருக்கோ எண்ணெய்க்கோ எடுத்தாளுதல் கூடவே கூடாது. கருவுற்ற பெண்களை அவ்வேலையில் ஈடுபடுத்துதல் தகாது.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

இவ்வளவும் படித்தபின் நினைவிற் கொள்ளவேண்டியவை சிலவே. ஆண் குழந்தையின் விரை இறங்கியிருக்கிறதா என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்க. மகப்பேறு தாமதமானால் இருவரும் சேர்ந்தே செல்க. கணவர் முதலிற் பரிசோதித்துக்கொள்க. பரிசோதனையின்றி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளற்க. கருப்பை அறுவை என்று சொன்னால் சூலகங்களைப் பற்றிக் கேட்டறிக. குடும்ப அளவை வரையறுக்கக் கருதினால், அச்சிகிச்சையை யார் செய்துகொள்வது என்பதைக் கணவனும் மனைவியும் உண்மை அறிந்து கலந்து முடிவு செய்க.

வீட்டில் வளர்ந்த மகனும் மகளும் இருப்பின் இப்பகுதியை அவர்கள் கையிலும் கொடுங்கள். தம் உடலைப் பற்றி முறையாக அறிந்த பிள்ளைகள் போலி வைத்தியரின் விளம்பரங்களைக் கண்டு மயங்கமாட்டார்கள். நாளை மணம் புரிந்தபின் ஒருவர்மீது ஒருவர் வீண்பழி சுமத்தவும் மாட்டார்கள்.